பிரட்டுத் தப்பும் காமன் தப்பும்: மலையகத்தில் உடலியக்கத்தின் உளவியல் வரலாறு

நுவரெலியா மாவட்டத்தில், அக்கரப்பத்தனைக்கு அப்பால், ஹோர்ட்டன் சமவெளி சரிந்திறங்கும் வடபுறத்தே அமைந்தவை டயகமத் தோட்டங்கள். அப்பகுதியின் நீரைத் திரட்டிச் செல்லும் ஆக்ரா ஓயா, கொத்மலை ஓயாவுடன் கூடி ஈற்றில் மகாவலியைச் சென்றடைகின்றது. அங்கே சமதரை அரிது. லயத்திலிருந்து மலைக்கும், மலையிலிருந்து கொழுந்து மடுவத்துக்கும், பாடசாலைக்கும், கோயிலுக்கும் ஏறியோ இறங்கியோதான் செல்லுதல் வேண்டும். உடலை வருத்தாது ஒருநாளும் கழியாத இத்தகைய மண்ணில் நின்றுகொண்டு, ‘மனிதன் தன் உடலை இயக்க விரும்புவது ஏன்?’ என வினவுவது சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். உடற்பயிற்சிக்கான ஊக்கல் என்பது அலுவலக நாற்காலியில் அமர்ந்திருப்போரின் பிரச்சினை, தேயிலை மலையில் நிற்போருக்கு அதனால் ஆவது யாது என்றும் கேட்கலாம். ஆயினும் அவ்வினாவின் வரலாறு மிகத் தெளிவாக எழுதப்பட்டுள்ள இடங்களுள் நமது மலையகமும் ஒன்று என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

மலையகத் தோட்டங்களிலே தப்பு என்னும் தோற்கருவி இருவகைப் பணிகளை ஆற்றி வந்துள்ளது. விடியுமுன் அது ஒலித்தால் அது பிரட்டுக்கான அழைப்பு. தொழிலாளர் துயிலெழுந்து, குளிரில் நடுங்கியவாறு பிரட்டுக்களத்தில் வரிசையாக நின்று, தம் பேரைக் கொடுத்து, கங்காணி காட்டிய மலைக்குச் செல்வர். பின்னாளில் பல தோட்டங்களில் மணியோசையும் ஆலைச் சங்கும் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டன. மாசி மாதத்து இரவுகளில் அதே தப்பு ஒலித்தால் அது காமன் கூத்துக்கான அழைப்பு. பகலெல்லாம் மலையேறிக் களைத்த அதே மனிதர், எவரும் கட்டளையிடாமலே, ஒரு சதமும் கூலி பெறாமலே, நள்ளிரவு கடந்தும் ஆடுவர். கருவி ஒன்று, உடலும் ஒன்று; ஆயின் உள்ளம் ஒன்றன்று. இவ்வேறுபாட்டை விளங்கிக்கொள்ளவே உளவியல் நமக்குத் துணைபுரிகின்றது.

முதலிலே பிரட்டுத் தப்பின் வரலாற்றை நோக்குவோம். 1820களில் கோப்பிப் பயிர்ச்செய்கை மலைநாட்டில் வேரூன்றத் தொடங்கிய காலந்தொட்டுத் தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து தொழிலாளர் கொண்டுவரப்பட்டனர். மன்னார்க் கரையில் இறங்கி, நூறு மைலுக்கு மேற்பட்ட காட்டுவழியை நடந்தே கடந்து, மாத்தளையூடாக அவர்கள் மலைநாட்டை அடைந்தனர். வழியிலே நோயாலும் பசியாலும் மாண்டோர் பலர். 1869இல் கோப்பியில் இலைநோய் கண்டது. அதற்கு இரண்டாண்டுகள் முன்னதாக, 1867இல், ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலையை வர்த்தக நோக்கோடு பயிரிடத் தொடங்கியிருந்தார். 1885இல் புகையிரதம் நானுஓயாவை எட்டியபோது உயர்மலைப் பகுதிகளில் தேயிலை விரைவாகப் பரவிக்கொண்டிருந்தது. கோப்பி பருவகாலத்து உழைப்பை வேண்டி நின்றது. தேயிலையோ ஆண்டு முழுவதும், நாள்தோறும், தவறாத உழைப்பை வேண்டி நின்றது. தொழிலாளியின் உடலை அன்றாடம் மலைக்கு அனுப்புவது எவ்வாறு என்பதே தோட்ட நிருவாகத்தின் தலையாய வினாவாயிற்று.

இவ்வினாவுக்குத் துரைமார் கண்ட விடை, மனித இயல்பு பற்றிய ஓர் எடுகோளிலிருந்து பிறந்ததாகும். கீழைத்தேயத்து உழைப்பாளி இயல்பாகவே சோம்பலானவன். வயிறு நிரம்பினால் வேலைக்கு வாரான். கூலியைக் கூட்டினால் வேலைநாள்களைக் குறைத்துக்கொள்வான் என்பதே அவ்வெடுகோள். இது இலங்கைக்கு மாத்திரம் உரியதன்று. மலாயர், பிலிப்பைன்ஸ் மக்கள், ஜாவா மக்கள் ஆகியோரைப் பற்றிக் குடியேற்ற ஆட்சியாளர் கட்டியெழுப்பிய இத்தகைய கதையை சையித் ஹுசைன் அலத்தாஸ் 1977இல் வெளியிட்ட ‘சோம்பேறிச் சுதேசி என்னும் கட்டுக்கதை’ என்ற பொருள்படும் ஆங்கில நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். உழைக்க மறுப்பவனைச் சோம்பேறி என்று கூறிவிட்டால், அவன் மறுப்பதற்கான காரணத்தை ஆராய வேண்டிய கடமை நீங்கிவிடுகின்றது என்பது அவரது ஆய்விலிருந்து நாம் பெறக்கூடிய பாடமாகும்.

இவ்வெடுகோளின்மீது எழுந்த ஒழுங்குகள் பல. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்கீழ், அறிவித்தலின்றி வேலையை விட்டு நீங்குவதும் வேலையைப் புறக்கணிப்பதும் சிறைத்தண்டனைக்குரிய குற்றங்களாயின. ஊரிலிருந்து புறப்படுகையிலேயே தொழிலாளி பெரியகங்காணியின் கடனாளியானான். அக்கடனைத் தீர்த்தாலன்றி அவனை வேறு தோட்டத்துக்கு விடுவதில்லை என்பதைக் குறிக்கும் ‘துண்டு’ முறை 1921ஆம் ஆண்டுவரை நிலைத்திருந்தது. வேலைக்கு வந்த தலை ஒன்றுக்கு இவ்வளவு சதம் எனக் கங்காணிக்கும் பணம் கிடைத்தது. குறித்த அளவு கொழுந்தைப் பறிக்காதவளுக்கு ‘அரைப்பேர்’ விழுந்தது. ‘பேர்’ என்னும் சொல்லே ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. ஒரு மனிதரின் பெயரைக் குறிக்கும் சொல், ஒருநாள் உழைப்பின் அலகாக மாறிற்று. ‘இந்த மாதம் எத்தனை பேர்?’ என்று ஒருத்தி தன்னைப் பற்றியே வினவ நேர்ந்தது.

இவையனைத்தும் புறத்திலிருந்து உடலை உந்துவன. தண்டனை, கடன், கண்காணிப்பு, பணம் என்னும் நான்கு கயிறுகளால் உடலை இழுக்கும் முறை எனலாம். இஃது அக்காலத்து மேலைத்தேயச் சிந்தனைக்கும் புறம்பானதன்று. 1911இல் ‘விஞ்ஞான முகாமை’ பற்றிய நூலை வெளியிட்ட பிரெடெரிக் டெய்லர், பெத்லகேம் உருக்காலையில் ஒரு தொழிலாளி நாளொன்றுக்குச் சுமந்த இரும்பினை 12½ தொன்னிலிருந்து 47 தொன்னாக உயர்த்தியதாகவும், அதற்கீடாக அவன் நாட்கூலி 1.15 டொலரிலிருந்து 1.85 டொலராக உயர்ந்ததாகவும் எழுதினார். சுமை ஏறத்தாழ நான்கு மடங்காக, கூலி ஒன்றரை மடங்கைச் சற்றே தாண்டியது. மனிதனின் உடல் ஒரு பொறி, பணம் அதன் எரிபொருள் என்பதே இங்குள்ள உளவியல். 1924 முதல் 1932 வரை அமெரிக்காவின் ஹோத்தோர்ண் ஆலையில் நடைபெற்ற ஆய்வுகளின் பின்னரே, உடன் உழைப்போரின் உறவும் தாம் மதிக்கப்படுகின்றோம் என்ற உணர்வும் உழைப்பைப் பாதிக்கின்றன என்ற கருத்து முகாமைத்துறையில் வேரூன்றிற்று. அவ்வாய்வுகளின் முறையியல் பின்னர்க் கடுமையான கண்டனத்துக்கு உள்ளாயினும், அவை எழுப்பிய வினா மறையவில்லை.

இனிக் காமன் தப்பின் பக்கம் திரும்புவோம். மாசி அமாவாசையை அடுத்துக் காமன் கம்பம் நடப்படுவதோடு தோட்டத்தின் இரவுகள் மாறிவிடுகின்றன. மதன், ரதி, தூதன், நந்தி, வீரபத்திரன், எமன், காளி முதலிய பாத்திரங்களை ஏற்போர் விரதம் காக்கின்றனர். கூத்து வாத்தியார் ஆட்டத்தையும் பாட்டையும் பயிற்றுகின்றார். இறுதி நாளில் விடியும்வரை ஆட்டம் நிகழ்ந்து, சிவனின் நெற்றிக்கண்ணால் காமன் எரிக்கப்படுகின்றான். பின்னர் ரதியின் வேண்டுதலால் உயிர்பெறுகின்றான். அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் ஆகிய கூத்துகளும் இம்மக்களிடையே வழங்குவன. இவற்றிலே ஆடுவோர் ஆடும் நேரத்தையும், குதிப்பையும், சுழற்சியையும் கணக்கிட்டால் அது எந்த உடற்பயிற்சித் திட்டத்துக்கும் குறைந்ததன்று. பகலில் ‘உடம்பு முடியவில்லை’ என்று கூறியவரே இரவில் இவ்வாறு ஆடுகின்றார். இதைக் கண்ட துரை எவரேனும் ‘பகலில் கூறியது பொய்’ என்று முடிவு செய்திருக்கலாம். ஆனால் அம்முடிவு தவறானது. களைப்பு என்பது தசையில் மாத்திரம் தோன்றுவதன்று. செய்யும் செயலுக்கும் செய்வோனுக்கும் உள்ள உறவிலும் அது தங்கியுள்ளது.

இவ்வுண்மையை உளவியலாளர் படிப்படியாகவே கண்டறிந்தனர். 1898இல் நோர்மன் டிரிப்லெட், தனித்துச் செல்லும் சைக்கிளோட்டியைவிடப் பிறரோடு சேர்ந்து செல்பவன் விரைந்து செல்கின்றான் என்பதைப் பதிவுகளைக் கொண்டு காட்டினார். 1971இல் எட்வேர்ட் டெசி, புதிர் விளையாட்டொன்றில் விருப்போடு ஈடுபட்ட மாணவருள் ஒரு பகுதியினருக்குப் பணம் கொடுத்தார். பணம் பெற்றோர், ஓய்வு வேளையில் தாமாக அவ்விளையாட்டை நாடுவது குறைந்ததை அவர் கண்டார். 1985இல் டெசியும் ரிச்சர்ட் றயனும் இவ்வாய்வுகளை விரித்து ஒரு கோட்பாடாக வகுத்தனர். மனிதன் ஒரு செயலில் தானே விரும்பி நிலைத்து நிற்பதற்கு மூன்று உளத்தேவைகள் நிறைவேறுதல் வேண்டும் என்பது அவர்தம் துணிபு. இது என் விருப்பத்தால் செய்வது என்ற தன்னுரிமை உணர்வு ஒன்று. இதை நான் செய்ய வல்லேன் என்ற ஆற்றலுணர்வு மற்றொன்று. இதனால் நான் பிறரோடு பிணைந்துள்ளேன் என்ற உறவுணர்வு மூன்றாவது. இன்று உடற்பயிற்சி உளவியலில் மிகுதியாகக் கையாளப்படும் கோட்பாடுகளுள் இதுவும் ஒன்றாகும்.

இம்மூன்று அளவுகோல்களையும் நம் இரு தப்புகளுக்கும் பொருத்திப் பார்ப்போமாயின் வேறுபாடு வெளிப்படையாகும். பிரட்டுக்கு வருபவருக்கு எந்த மலை, எந்த நிரை, எத்தனை மணிவரை என்பன பிறரால் தீர்மானிக்கப்படுகின்றன. கூத்தாடுபவரோ தாமே நேர்ந்துகொண்டு வேடமேற்கின்றார். கொழுந்தெடுத்தல் உயர்ந்த கைத்திறனை வேண்டும் தொழிலாயினும் நிறுவை மடுவத்தில் அத்திறன் வெறும் கிலோவாகச் சுருங்கிவிடுகின்றது. கூத்திலோ ஒருவரின் ஆட்டம் அவருடையதாகவே பல ஆண்டுகள் பேசப்படுகின்றது. நிரையில் ஒருவருக்கொருவர் போட்டியாளராகும் நிலை உண்டு. காமன் பொட்டலில் முழுத்தோட்டமும் ஒன்றாகின்றது. இன்னொன்றையும் நோக்கல் தகும். இசையின் தாளத்தோடு இயைந்து உடல் இயங்கும்போது களைப்பின் உணர்வு குறைகின்றது என்பதை உளவியலார் பரிசோதனைகளால் காட்டியுள்ளனர். பிரட்டுத் தப்பு உடலை எழுப்பிவிட்டு ஓய்ந்துவிடும். வேலை நேரத்தில் அது துணைவருவதில்லை. காமன் தப்போ ஆட்டம் முடியும்வரை ஆடுவோரோடு கூடவே செல்லும்.

கூத்தின் தலைவன் காமன் என்பதும் தற்செயலானதன்று எனத் தோன்றுகின்றது. காமன் வேட்கையின் தெய்வம். அவன் எரிந்தால் உலகின் இயக்கம் நிற்கும் என்பது கதை. கட்டளையும் தண்டனையும் இருந்தும் வேட்கை இல்லையேல் உயிர்கள் இயங்கா என்ற உளவியல் உண்மையை இக்கதை தனக்குரிய மொழியில் கூறுகின்றது.

எனினும், காமன் கூத்தை முழுச் சுதந்திரத்தின் வெளி எனப் புகழ்ந்துவிடுதல் ஆய்வாளருக்கு அழகன்று. தப்படிக்கும் பணி நெடுங்காலம் ஒரு குறிப்பிட்ட சாதியினரின் கடமையாகவே கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. ஆடுவோனுக்கு விருப்பாக இருந்தது அடிப்போனுக்கு ஊழியமாக இருந்திருத்தல் கூடும். பெண்களோ பெரும்பாலும் கூத்துக் களத்துக்குப் புறத்தே நின்றனர்; ரதியாக ஆடியவரும் ஆணே. பகலில் மலையிலும், அதற்கு முன்னும் பின்னும் அடுப்படியிலும் உழைத்த பெண்ணுக்குத் தன் உடலைத் தன் விருப்பால் இயக்கக் கிடைத்த வேளைகள் கும்மியும் மாரியம்மன் திருவிழாவுமாகச் சுருங்கின. தன்னுரிமை என்பது ஒரு சமூகத்துக்குள்ளேயே சமமாகப் பங்கிடப்படவில்லை என்பதையும் உளவியல் கணக்கிற் கொள்ளல் வேண்டும்.

பிறிதொரு தவறான முடிவையும் தவிர்த்தல் வேண்டும். பணம் உள்ளார்ந்த விருப்பைக் குறைக்கின்றது என்னும் டெசியின் முடிவைக் கொண்டு, தொழிலாளிக்குக் கூலி உயர்வு தேவையில்லை என வாதிடுவது பெரும்பிழையாகும். அவர் ஆராய்ந்தது, மாணவர் ஏற்கெனவே விரும்பிச் செய்த விளையாட்டை. கொழுந்துக்கூடை புதிர் விளையாட்டன்று. 1939, 1940 ஆம் ஆண்டுகளில் முல்லோயாத் தோட்டத் தொழிலாளர் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர். 1940 ஜனவரியில் பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டில் கோவிந்தன் உயிர் நீத்தார். ஊக்கமற்றோர் எனப்பட்டவர்களே இத்துணை உறுதியோடு நின்றனர். வேலைக்கு உடலை அசைக்க மறுப்பதும் உள்ளத்தின் ஒரு செயலே. பெண்களுக்கும் ஆண்களுக்கும் சம கூலி 1984இல் கிடைத்தபோது அது பணத்தின் அளவைப் பற்றிய வெற்றியாக மாத்திரம் அமையவில்லை. உழைப்பவளின் மதிப்பைப் பற்றியதாகவும் அமைந்தது. நியாயமான கூலி வேறு, உடலை இழுக்கும் கயிறாகப் பயன்படும் ஊக்கத்தொகை வேறு.

இவ்வேறுபாட்டை அண்மைக்கால ஒப்பந்தங்களே காட்டுகின்றன. 2016இல் கையெழுத்தான கூட்டு ஒப்பந்தத்தின்படி நாட்சம்பளம் 730 ரூபா. ஆயின் அதிலே அடிப்படைச் சம்பளம் 500 ரூபாவே. வருகைக்கு 60, குறித்த அளவு உற்பத்திக்கு 140, தேயிலை விலைப் பங்காக 30 எனச் சேர்த்தே அத்தொகை கூறப்பட்டது. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நிபந்தனைகளோடு பிணைக்கப்பட்டிருந்தது. 2019இல் வருகைக்கும் உற்பத்திக்குமான கொடுப்பனவுகள் நீக்கப்பட்டு அடிப்படைச் சம்பளம் 700 ரூபாவாகவும் விலைப் பங்கு 50 ரூபாவாகவும் மாற்றப்பட்டன. 2021இல் சம்பள நிருணய சபையின் வழி 1000 ரூபா நிருணயமாயிற்று. அதன்பின் பறிக்க வேண்டிய கொழுந்தின் நிறை பற்றிய பிணக்குகள் பல தோட்டங்களில் எழுந்தன. சம்பளப் பட்டியல் ஒரு பொருளியல் ஆவணம் மாத்திரமன்று. இழுத்தாலன்றி உடல் அசையாது என்னும் பழைய எடுகோள் எவ்வளவு தூரம் உயிர்வாழ்கின்றது என்பதை அளக்கும் உளவியல் ஆவணமுமாகும்.

இவ்வரலாறு உடல்நலத்தோடும் தொடர்புடையது. 1953இல் ஜெரமி மொறிஸ் என்னும் மருத்துவ ஆய்வாளரும் அவர்தம் துணைவரும் லண்டன் நகரத்து இருதட்டு பஸ்களை ஆராய்ந்தனர். நாள்முழுதும் படியேறி இறங்கிய நடத்துநருக்கு, அமர்ந்திருந்த சாரதியரைவிட மாரடைப்புக் குறைவு எனக் கண்டனர். உடலியக்கம் இதயத்தைக் காக்கும் என்னும் கருத்தின் தொடக்கங்களுள் இது முதன்மையானது. இதன்படி நோக்கின் நாள்தோறும் மலையேறும் தொழிலாளியின் உடல்நலம் யாவரினும் சிறந்திருத்தல் வேண்டும். ஆனால் டென்மார்க்கு ஆய்வாளர் ஆன்ட்ரியாஸ் ஹொல்டர்மனும் பிறரும் அண்மைக் காலத்தில் வேறொன்றைச் சுட்டிக்காட்டியுள்ளனர். ஓய்வுநேரத்தில் விரும்பிச் செய்யும் உடலியக்கம் தரும் நன்மையைக் கடும் உடலுழைப்புத் தொழில் பல ஆய்வுகளில் தரவில்லை. சிலவற்றில் தீங்கோடு தொடர்புடையதாகவும் காணப்பட்டது. நெடுநேரம் ஒரே நிலையில் நிற்றல், பாரஞ்சுமத்தல், போதிய ஓய்வின்மை, வேகத்தைத் தானே வகுக்க இயலாமை என்பன அதற்குக் கூறப்படும் காரணங்கள். நெற்றியிலே கயிறு மாட்டி முதுகிலே கூடை சுமந்து சரிவில் நிற்கும் பெண்ணுக்கு இவற்றுள் ஒன்றேனும் பொருந்தாதிருக்குமா?

டயகமவின் நில அமைப்பே இதற்கொரு சான்று. அங்கிருந்து மேல்நோக்கிச் செல்லும் வழி ஹோர்ட்டன் சமவெளியை அடைகின்றது. 1848 முதல் 1855 வரை நுவரெலியாவில் வாழ்ந்த சாமுவேல் பேக்கர் இம்மலைநாட்டுக் காடுகளில் வேட்டையாடி மகிழ்ந்ததை 1854இல் நூலாக வெளியிட்டார். சமவெளியிலுள்ள ஃபார் விடுதி, வேட்டைப் பிரியரான தோட்டத்துரை தோமஸ் ஃபாரின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. 1988இல் தேசியப் பூங்காவான அச்சமவெளிக்கு இன்றும் நடைப்பயணிகள் பெருந்தொகையாக வருகின்றனர். அவர்கள் பணம் செலுத்தி ஏறும் சரிவுகளின் அடிவாரத்திலேயே, பணம் பெறுவதற்காக ஏறுவோரும் உள்ளனர். ஏற்றம் ஒன்றே. ஒருவர் புத்துணர்வோடு இறங்குகின்றார். மற்றவர் முழங்கால் வலியோடு இறங்குகின்றார். ‘அவர் விரும்பி ஏறினார்’ என்பது இவ்வேறுபாட்டின் ஒரு பாதியாயின், ‘அவர் விரும்பியபோது நிற்க முடிந்தது’ என்பது மறுபாதி.

இன்று நீரிழிவும் இரத்த அழுத்தமும் மலையகத்தையும் எட்டியுள்ளன. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி வளர்ந்தோர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலியக்கத்தில் ஈடுபடல் நன்று. இச்செய்தியைக் கொண்டு லயத்துக்குச் செல்லும் நம் பட்டதாரி ஒருவர், ‘தினமும் நடவுங்கள்’ என்று கூறுவாராயின், கேட்பவள் சிரிப்பாள்; அச்சிரிப்பில் நியாயமும் உண்டு. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பிறர் கட்டளைப்படி நடந்த குடும்பத்துக்கு இன்னொரு கட்டளையாகவே அது ஒலிக்கும். தோட்டவேலையை விட்டுக் கொழும்புக்குச் செல்லும் இளைஞரைச் சோம்பேறிகள் எனக் கூறும் வழக்கமும் இன்னும் மறையவில்லை. கொழுந்து மடுவத்தருகே கிடைக்கும் சிறு சமதரையில் மாலை மங்கும்வரை கரப்பந்தும் மென்பந்துக் கிரிக்கெட்டும் ஆடுவோர் அவ்விளைஞரே என்பதை அவ்வாறு கூறுவோர் கருதுவதில்லை. அவர்களிடம் இல்லாதது ஊக்கமன்று. அவர்கள் மறுப்பது ஒரு குறிப்பிட்ட அழைப்பை.

ஆதலின் ஊக்கல் என்பது ஒருவரிடம் கூடியோ குறைந்தோ இருக்கும் பொருளன்று. செயலுக்கும், செய்வோருக்கும், அதனைச் செய்ய அழைப்போருக்கும் இடையிலான உறவு அது என்பதே மலையக வரலாறு நமக்குப் புகட்டும் பாடமாகும். உடற்பயிற்சியை இம்மக்களிடையே வளர்க்க விழைவோர் முதலில் போதிய கூலியையும் ஓய்வையும் விளையாட ஒரு திடலையும் கேட்டல் வேண்டும். பெண்களுக்கும் அத்திடலில் இடம் வேண்டும். அதன்பின் அவர்தம் கூத்திலும் கும்மியிலும் உள்ள உந்துதலை அவர்களிடமிருந்தே கற்றல் வேண்டும். கூத்து வாத்தியார்களும், பழைய பிரட்டுக்களத்தை நினைவில் வைத்திருக்கும் மூதாட்டியரும் டயகமவிலும் அதையொத்த தோட்டங்களிலும் இன்னும் வாழ்கின்றனர். எத்தனை இரவு ஆடினர், எவ்வாறு பயின்றனர், மறுநாள் பிரட்டுக்கு எவ்வாறு எழுந்தனர் என்பனவற்றை அவர்கள் வாய்மொழியாகப் பதிவு செய்வது நம் மாணவருக்கு இயலாத பணியன்று. உளவியலும் வரலாறும் பயில்வோர் இணைந்து அப்பணியை மேற்கொள்வாராயின், பாடநூல்களில் இதுவரை இடம்பெறாத ஓர் அத்தியாயம் நம் மலைகளிலிருந்தே எழுதப்படும்.